தாம்பரம் மொட்டைமாடியும் ஓரியன் வாயு முகிலும்

கேள்வி: நான் தாம்பரத்தில் இளநிலை இயற்பியல் படிக்கிறேன். வீட்டு மொட்டைமாடியில் டிஷ் ஆன்டெனா வைத்து, ஓரியனிலுள்ள வாயு முகிலைச் சப்மில்லிமீட்டர் அலைகளில் வரைபடமாக்கிக் கல்லூரித் திட்டப்பணியாகத் தர இயலுமா?

பதில்: மாடியிலிருந்து இயலாது, ஆனால் அந்த வரைபடத்தை நீங்களே உருவாக்க வழியுண்டு. ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே குறைந்த இந்த அலைநீளங்களைக் காற்றிலுள்ள நீராவி விழுங்கிவிடுகிறது. சென்னைக்கு மேலுள்ள நீராவியை எல்லாம் நீராகத் திரட்டினால் பல சென்டிமீட்டர் உயரம் நிற்கும். ஹவாயின் மௌனா கியா மலையில் 4,092 மீட்டர் உயரத்திலுள்ள ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் தொலைநோக்கிக்கு மேலே, நல்ல இரவுகளில் அது ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான்.

முகிலில் மிகுந்திருக்கும் ஹைட்ரஜன் மூலக்கூறு, 10 முதல் 20 கெல்வின் வரையிலான குளிரில் ஏறத்தாழ ஒளிர்வதே இல்லை. எனவே அதனுடன் கலந்துள்ள கார்பன் மோனாக்சைடு 345.796 கிகாஹெர்ட்ஸில் உமிழும் நிறமாலைக் கோட்டைப் பின்தொடர்கிறார்கள். 15 மீட்டர் விட்டமுள்ள அத்தொலைநோக்கி வானத்தை வரிவரியாகத் துழாவ, அதன் ஹார்ப் கருவியிலுள்ள 16 ஏற்பிகள் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு நிறமாலையைப் பதிகின்றன. வாயு நம்மை நோக்கியோ விலகியோ நகரும்போது அலைவெண் மாறும் டாப்ளர் விலகலால் அதன் வேகமும் தெரிவதால், வானில் இரு திசைகளும் வேகம் என்ற மூன்றாம் அச்சும் கொண்ட தரவுக் கனசதுரம் கிடைக்கிறது.

அருகிலுள்ள, விண்மீன்கள் பிறக்கும் முகில்களை இதே தொலைநோக்கி ஆராய்ந்த கூல்ட் பெல்ட் ஆய்வில் ஓரியன் முகில்கள் அளக்கப்பட்டுள்ளன. கனடிய வானியல் தரவு மையத்தின் காப்பகத்தில் அத்தரவு இலவசமாகக் கிடைக்கிறது. பைத்தானின் 'ஸ்பெக்ட்ரல்-கியூப்' தொகுப்பைக் கொண்டு, சாதாரண மடிக்கணினியிலேயே முதலில் மொத்தச் செறிவு வரைபடத்தையும், பிறகு வேக வரைபடத்தையும் வரையுங்கள்.

இங்கே மாணவர்கள் பெரும்பாலும் இடறும் இடம் ஒன்றுண்டு. அடர்ந்த மையத்தில் இந்தக் கார்பன் மோனாக்சைடு கோட்டுக்கு முகில் ஒளிபுகாததாகிவிடுவதால் முகிலின் மேற்பரப்பு மட்டுமே தெரியும். அதன் பிரகாசத்தை அப்படியே நிறையாகக் கொண்டால் கணக்கு பெரிதும் குறைந்துவிடும். நிறை கணிக்க, கார்பன்-13 அணு கொண்ட, அரிதான கார்பன் மோனாக்சைடு 330.588 கிகாஹெர்ட்ஸில் உமிழும் கோட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கோப்பில் இருப்பது ஆன்டெனா வெப்பநிலை (பதிவான சமிக்ஞையின் வலிமையை வெப்பநிலையாகக் கூறும் அளவு) என்பதால், அதைச் சுமார் 0.6 என்ற கற்றைத் திறனால் (தொலைநோக்கியின் முதன்மைக் கற்றை பெறும் பங்கு) வகுத்த பிறகே எதையும் ஒப்பிட வேண்டும். தொலைநோக்கியின் பகுதிறன், அதாவது அது பிரித்துக் காட்டும் மிகச்சிறிய கோணம், ஏறத்தாழ 15 விகலை (ஒரு விகலை என்பது பாகையில் 3,600-இல் ஒரு பங்கு). ஓரியன் முகில் இருக்கும் சுமார் 1,350 ஒளியாண்டு தொலைவில் அது ஒளியாண்டில் பத்தில் ஒரு பங்கு. அதைவிடச் சிறிய திரள்களைத் தனித்தனியாகப் பிரித்துப் பேசாதீர்கள்.

மாடியில் கருவி அமைத்தே தீர வேண்டுமென்றால், நீராவி தடுக்காத 21 சென்டிமீட்டர் அலையைத் தேர்ந்தெடுங்கள். ஒரு மீட்டர் டிஷ், குறைந்த இரைச்சலுள்ள பெருக்கி, மென்பொருள் வானொலி ஏற்பி ஆகியவற்றுடன், செல்போன் கோபுரங்களின் குறுக்கீட்டைத் தவிர்க்க 1,420 மெகாஹெர்ட்ஸ் வடிகட்டியும் இருந்தால், பால்வழியின் அணு ஹைட்ரஜனை நம் ஊரிலிருந்தே அளக்கலாம்.