மகன் சர்ஜனாக வேண்டும் என்கிறார்: என்ன ஒப்பரேசன் செய்ய வரும், எத்தனை வருடம் படிக்க வேண்டும்?

மகன் மட்டக்களப்பில் உயர்தரம் உயிரியல் படிக்கிறார் என்றும், பொதுச் சத்திரசிகிச்சை நிபுணர்கள் அதிகம் செய்வது எது என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

அப்பென்டிக்ஸ், பித்தப்பைக் கல், மூலம், சீனி வருத்தக்காரரின் கால் புண், ஹேர்னியா (வயிற்றுச் சுவர் பலவீனமான இடத்தில், பெரும்பாலும் கவட்டுப் பக்கம், குடல் பிதுங்குவது): எந்த சர்ஜரி வார்டிலும் இவைதான் வந்துகொண்டே இருக்கும். ஹேர்னியாவை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். கரைவலை இழுப்பவர், நெல் மூட்டை தூக்குபவர் என்று நம்ம பக்கத்தில் இதோடு வருகிறவர்கள் நிறையப் பேர்.

பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்வார்கள். கவட்டுக்கு மேலே 6 சென்ரிமீற்றர் அளவில் வெட்டி, விந்து நாண் கட்டை விலக்கி, பிதுங்கிய பையை உள்ளே தள்ளுவார்கள். பிறகு பலவீனமான சுவரின் மேல் சுமார் 7.5க்கு 15 சென்ரிமீற்றர் மெஷ் வைத்துத் தைப்பார்கள். (மீனவரிடம் "வலை வைக்கிறோம்" என்றால் வேறு விளக்கமே தேவையில்லை.) கோட்டை விடுவது பெரும்பாலும் நடுப்பக்க முனையில்தான். மெஷ் அங்கே முன்னிடுப்பு எலும்பின் முனையைத் தாண்டி 2 சென்ரிமீற்றராவது படிய வேண்டும். எலும்போடு நிறுத்தினால் அந்த ஓரத்தாலேயே ஹேர்னியா திரும்ப வரும். தையலில் நரம்பு அகப்பட்டால் மாதக்கணக்கில் வலி. விடாத இருமல், மலச்சிக்கல், சிறுநீர் முக்கிப் போவது இருந்தால் அவற்றுக்கு முதலில் வைத்தியம் பார்க்க வேண்டும். பாரம் தூக்க 4 முதல் 6 வாரம் பொறுக்கத்தான் வேண்டும். ஆனால் வலி குறைந்ததும் கடலுக்கும் வயலுக்கும் போய்விடுகிறார்கள். ஒப்பரேசனுக்கு முன், உள்ளே போய்வந்த கட்டி திடீரென இறுகி, நொந்து, வாந்தியும் வந்தால் கிளினிக் நாள் வரை காத்திருக்கக் கூடாது. சில மணி நேரத்தில் குடல் அழுகத் தொடங்கலாம்.

படிப்புப் பாதை நீளம். எம்.பி.பி.எஸ். 5 வருடம், மட்டக்களப்பிலேயே கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சௌக்கிய பராமரிப்பு விஞ்ஞான பீடம் இருக்கிறது. அடுத்து 1 வருட உள்ளகப் பயிற்சி, சில காலம் வைத்திய அதிகாரி வேலை, கொழும்பு பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தின் தேர்வு, எம்.டி. பயிற்சி, பிறகு வெளிநாட்டுப் பயிற்சி. எல்லாம் சரியாகப் போனாலும் நிபுணராகும்போது 35 வயதைத் தொட்டிருப்பார்.

தியேட்டர் வேலை வாரத்தில் சில நாட்கள்தான். மற்ற நாட்கள் வார்ட், கிளினிக், நள்ளிரவு அழைப்பு என்று போகும். என் கணிப்பில், வெட்டுவதைவிட "இவருக்கு இப்போது வெட்ட வேண்டாம்" என்று தீர்மானிப்பதுதான் கஷ்டமான பகுதி. அதில் தவறினால் எந்தக் கைத்திறனும் காப்பாற்றாது.

மகன் தமிழ் மொழிமூலம் என்றால் ஆங்கிலத்தை இப்போதே பிடிக்கட்டும். விரிவுரையும் பரீட்சையும் அதில்தான். சிங்களமும் வேண்டும். முதல் நியமனம் அம்பாறை நகரத்துக்கோ அநுராதபுரத்துக்கோ வந்தால், "எப்ப இருந்து வயிற்று வலி?" என்பதை அந்த மொழியில்தான் கேட்க வேண்டியிருக்கும்.