லோரி வருவதற்குள் என்ன செய்கிறீர்கள்?

கேள்வி: ஐயா, எங்கள் ரப்பர் தோட்டம் மூடப்பட்டு, லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகள்) ஆட்கள் எல்லாரும் மலிவு விலை வீடுகளுக்கு மாறிப்போன கதையைக் கோயில் மண்டபத்தில் அரை மணி நேர நாடகமாகப் போடுகிறோம். எட்டுப் பேர் நடிக்கிறோம். சூழல்தான் மனிதனை ஆக்குகிறது என்று காட்டும் 'இயற்பண்புவாத' முறையில் செய்யுங்கள் என்று ஆசிரியர் ஒருவர் சொல்லிவிட்டார். ஆனால் ஒருவர் பேசும்போது மற்ற ஏழு பேரும் ரப்பர் மரம் மாதிரி நிற்கிறோம். என்ன செய்யலாம்?
- வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: வசனத்தாளை ஒரு வாரத்துக்கு எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். நீங்கள் நிற்பதற்குக் காரணம் நடிப்பு வராதது இல்லை, செய்வதற்கு வேலை இல்லாததுதான். லயத்தில் சும்மா நின்று இன்னொருவர் பேச்சைக் கேட்டவர் யார், சொல்லுங்கள்? கடைசி நாள், நாலு மணிக்கு லோரி வந்துவிடும் என்று வைத்துக்கொள்வோம். ஒருத்தி பாத்திரங்களைப் பழைய நாளிதழில் சுற்றுகிறாள், அண்ணன் கட்டிலைக் கழற்றப் பார்க்கிறான், துருப்பிடித்த திருகு அசைய மாட்டேன் என்கிறது, பாட்டி கறிவேப்பிலைக் கன்றை வேரோடு தோண்டுகிறாள், பையன் கோழியைத் துரத்துகிறான், மளிகைக்காரர் பாக்கி கேட்டு வாசலில் நிற்கிறார். இப்படி எட்டுப் பேருக்கும் லோரிக்கு முன்னால் முடித்தாக வேண்டிய ஒரு வேலையைக் கொடுத்து, இருபது நிமிடம் வசனமே இல்லாமல் செய்ய விடுங்கள். ஒரே கயிறு இரண்டு பேருக்குத் தேவைப்படும். அங்கே பேச்சு தானாக வரும், அது பெரும்பாலும் கயிற்றைப் பற்றித்தான் இருக்கும், 'நம் வாழ்வு பறிபோனதே' என்று யாரும் சபையைப் பார்த்து முழங்க மாட்டார்கள். வந்த பேச்சை எழுதிக்கொண்டு, அப்புறம் வசனத்தாளைத் திறந்து பாருங்கள். பாதியை நீங்களே அடித்துவிடுவீர்கள்.

இன்னொன்று. 1887-இல் பாரிஸில் 'சுதந்திர நாடக அரங்கு' தொடங்கிய ஆந்த்ரே அந்துவான் எரிவாயு நிறுவனத்தில் குமாஸ்தா, நம்ம ஊர்க் கணக்கில் ஒரு கிராணி. கையில் காசில்லாமல் அம்மா வீட்டு நாற்காலி மேசைகளையே மேடைக்குக் கொண்டுவந்தவர். அறைக்கு நான்கு சுவரும் இருப்பதாக வைத்துப் பொருள்களை அடுக்கி ஒத்திகை பார்த்துவிட்டு, சபைக்காக எந்தச் சுவரை எடுப்பது என்று பிறகு முடிவு செய்வது அவர் வழி. நீங்களும் மண்டபத்தின் நடுவில் லயத்து வீட்டை அடுக்கி, சபை எந்தப் பக்கம் என்று யாருக்கும் சொல்லாமல் ஒத்திகை பாருங்கள். முதுகு தெரிந்தால் தெரியட்டும்.

கதாநாயகன் வேண்டும் என்று யாராவது அடம்பிடித்தால், ஜெர்மன் நாடகாசிரியர் ஹாப்ட்மன் 1892-இல் வெளியிட்ட 'நெசவாளர்கள்' நாடகத்தைச் சொல்லுங்கள். 1844-இல் பிரஷ்யாவின் சிலேசியா பகுதி நெசவாளர்கள் கூலிக்காகக் கிளர்ந்த கதை அது. அதில் தனி நாயகன் கிடையாது, கூட்டம்தான் நாயகன். தோட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: இயற்பண்புவாதமும் யதார்த்தவாதமும் ஒன்றுதானே?
- வாசகி, பாகாவ்

பதில்: அண்ணன் தம்பி மாதிரி, தூரத்தில் பார்த்தால் ஒரே முகம். வாழ்க்கையை இருப்பதுபோலக் காட்டினால் யதார்த்தவாதத்துக்குப் போதும். இயற்பண்புவாதம் 'ஏன் இப்படி இருக்கிறான்?' என்று ஆய்வுக்கூடத்தில் நிற்பவரைப் போலக் கேட்கும். பிறப்பும் சூழலும் காலமும் சேர்ந்துதான் மனிதனை உருவாக்குகின்றன என்பது பிரெஞ்சு எழுத்தாளர் எமில் ஸோலாவின் கட்சி, 1881-இல் நாடகத்துக்கென்றே இதை ஒரு நூலாக எழுதினார். உங்கள் நாடகத்தில் அப்பா குடிக்கிறார் என்றால், அவரை வில்லனாக்கி நாலு அடி கொடுத்துத் திருத்திவிடுவது நம் பழைய பழக்கம். இங்கே அது செல்லாது. விடிவதற்கு முன் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்பு, மழை பெய்தால் ரப்பர் மரத்தில் பால் வெட்ட முடியாது, வெட்டாவிட்டால் கூலி குறையும், கடையில் பாக்கி ஏறும், பக்கத்திலேயே சாராயம் கிடைக்கும். இத்தனையும் மேடையில் தெரிய வேண்டும், ஆனால் யாரும் எழுந்து விளக்கக் கூடாது. மனிதனுக்கு மீறும் சக்தியே இல்லையா என்று நீங்கள் சண்டைக்கு வந்தால், நானும் உங்கள் பக்கம்தான், ஸோலாவோடு எனக்கும் அந்த இடத்தில் ஒத்துப்போவதில்லை.

கேள்வி: தோட்டத்துப் பேச்சிலேயே பேசலாமா? பெரியவர்கள் கோபிப்பார்களே?
- வாசகர், தெலுக் இந்தான்

பதில்: பேசத்தான் வேண்டும். மங்கு (பால் பிடிக்கும் கிண்ணம்), ஒட்டுப்பால் (உறைந்து ஒட்டிய ரப்பர் பால்), 'பசியாறிட்டியா?', நடுவில் வரும் மலாய்ச் சொல், எல்லாம் இருக்கட்டும். ஆனால் எட்டுப் பேரும் ஒரே மாதிரி பேசக் கூடாது. கிராணியின் தமிழ் வேறு, பால் வெட்டும் பெண்ணின் தமிழ் வேறு, பட்டணத்தில் படித்துவிட்டு வந்த மகளின் தமிழ் வேறு. 'இயல்பாக' என்று சொல்லி வாய்க்குள் முனகுபவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும், கடைசி வரிசைக் கிழவிக்குக் கேட்காத வசனம் எதற்கு?

கேள்வி: மேடையில் நிஜ அடுப்பு மூட்டலாமா?
- அதே குழுவிலிருந்து இன்னொருவர், சுங்கை சிப்புட்

பதில்: வேண்டாம். துணியில் வரைந்த சட்டிபானைகளை 1888-லேயே ஸ்வீடன் நாடகாசிரியர் ஸ்ட்ரிண்ட்பெர்க் திட்டினார், அதே ஆண்டு அந்துவான் மேடையில் நிஜ மாட்டிறைச்சியைத் தொங்கவிட்டார், எல்லாம் சரி. நானும் இளவயதில் அந்த ஆர்வத்தில் விறகடுப்பு மூட்டினேன். விறகு ஈரம். முன்வரிசையில் இருந்த கோயில் தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்ததை நடிப்பின் வெற்றி என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அவர் இருமிக்கொண்டே எழுந்து போகும் வரை. உண்மையான பானை, உண்மையான வெங்காயம், உண்மையாக நறுக்குங்கள், அடுப்பு அணைந்தே இருக்கட்டும். வீடு காலி செய்யும் நாளில் யார் உலை வைக்கப் போகிறார்கள்?