மரப்பெட்டியில் வரும் ஜப்பான் மீன்பிடி ராட் (தூண்டில் கோல்), முதல் மூங்கில் ராடாகச் சரிப்படுமா?

வேண்டாம். நீங்கள் ஏலத்தில் பார்த்துக் கேட்ட மரப்பெட்டி ஜப்பான் செட் விலை குறைவுதான், ஆனால் மீன்பிடிக்க உதவாது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கிருந்த அமெரிக்கச் சிப்பாய்கள் நினைவுப்பொருளாக வாங்கிப்போன வகை அது. பெட்டி அழகு, அவ்வளவுதான்.

அதே ஏலங்களில் பழைய அமெரிக்க ஃபேக்டரி ராட்களைத் தேடுங்கள்: ஹெடன், சவுத் பெண்ட், மாண்டேகு கம்பெனிகளுடையவை. என் ஓட்டு ஹெடனுக்கு. எட்டரை அடி போதும். ஒன்பது அடி மூங்கிலை நாள் முழுக்க வீசினால் மணிக்கட்டு கேள்வி கேட்கும்.

பணம் கட்டும் முன்:

1. ஒவ்வொரு துண்டையும் அளந்து சொல்லச் சொல்லுங்கள். பெரும்பாலான பழைய ராட்களில் எல்லாத் துண்டும் ஒரே நீளம். நுனி மட்டும் இரண்டு அங்குலம் குட்டை என்றால், ஒடிந்த பின் மிச்சத்தில் நூல் செல்லும் புது வளையம் மாட்டியிருப்பார்கள்.

2. துண்டுகளை இணைத்து மெல்ல ஆட்டச் சொல்லுங்கள். 'டக்' என்று சத்தம் வந்தால் உலோக இணைப்பு தளர்ந்திருக்கிறது. அதை மாற்றும் கூலி ராட் விலையையே தாண்டலாம்.

நுனி லேசாக வளைந்திருந்தால் பரவாயில்லை, பயப்படாதீர்கள். ஆனால் ராடாக ஒட்டியிருக்கும் மூங்கில் பட்டைகள் ஒட்டுவிட்டுப் பிரிந்திருந்தால், எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள். படத்தில் இது சரியாகத் தெரியாது. திருப்பி எடுத்துக்கொள்ளும் விற்பனையாளராகப் பாருங்கள்.