நீலக் கல்வாழை எங்கும் இல்லை

கேள்வி: இணைய விற்பனைத் தளம் ஒன்றில் ‘ராட்சத நீலக் கல்வாழை, 10 அடி வளரும்’ என்ற விளம்பரத்தைப் பார்த்து, 50 விதைகளை 349 ரூபாய்க்கு வாங்கினேன். ஆறு வாரமாகியும் ஒன்றுகூட முளைக்கவில்லை. பணத்தைக் கேட்டால், விதைகளைத் திரும்பப் பெறுவதில்லை என்கிறார் விற்றவர். என்ன செய்வது?
– செங்கல்பட்டு வாசகி

பதில்: முளைக்கவில்லை என்று மட்டும் புகார் எழுதாதீர்கள், அந்த வாதம் உங்களுக்கு எதிராகவே திரும்பும். கல்வாழை விதையின் தோல் அவ்வளவு கடினம். அர்ஜென்டினாவில் பழைய கல்லறை ஒன்றில் கிடைத்த கிலுகிலுப்பைக்குள் இருந்த கல்வாழை விதை, ஏறத்தாழ 600 ஆண்டுகளுக்குப் பிறகும் முளைத்தது. அரத்தால் தேய்த்து, உள்ளிருக்கும் வெள்ளை தெரிந்த பிறகு, வெதுவெதுப்பான நீரில் ஒரு நாள் ஊறவைத்து நட வேண்டும். ‘நீங்கள் தேய்க்காமல் நட்டீர்கள்’ என்று விற்றவர் எளிதாகக் கைகழுவிவிடுவார்.

உங்கள் புகாரின் பலம் ‘நீலம்’ என்ற சொல்லில் இருக்கிறது. கல்வாழையில் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், இளஞ்சிவப்பு, வெளிர்மஞ்சள் உண்டு. நீலப் பூ எந்த ரகத்திலும் கிடையாது. அந்தப் படத்தின் நிறம் கணினியில் மாற்றப்பட்டது. மீதமுள்ள விதைகளையும் பாருங்கள்: கல்வாழை விதை கறுப்பாக, உருண்டையாக, பட்டாணி அளவில் இருக்கும். தட்டையாகவோ கடுகளவிலோ இருந்தால் அது கல்வாழையே அல்ல.

2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெறவோ பணத்தைத் தரவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது. விளம்பரப் பக்கம், ரசீது, விதை மூன்றையும் இன்றே படமெடுத்து வையுங்கள். அந்தப் பக்கம் நாளை காணாமல் போகலாம். தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். அவர் 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும். 349 ரூபாய்தானே என்று விட்டுவிடாதீர்கள். நீங்கள் விட்டால் அதே படத்தைக் காட்டி அடுத்தவரிடமும் விற்பார்கள்.

இனி கல்வாழைக்கு விதையே வாங்க வேண்டாம். கலப்பின ரகங்களின் விதை தாய்ச்செடியைப் போல வருவதில்லை. கிழங்கு வாங்குங்கள்: கையில் அழுத்தினால் கெட்டியாக இருக்க வேண்டும், இரண்டு மூன்று முளைக்கண்களாவது இருக்க வேண்டும், அழுகல் வாடை கூடாது.

கேள்வி: நர்சரியில் தொட்டி 180 ரூபாய் வீதம் ஆறு பெரிய கல்வாழைகள் வாங்கினேன். இரண்டின் இலைகளில் மஞ்சள் கோடுகள் இருக்கின்றன. ‘அது வரி ரகம், விலை கூடுதலானது’ என்கிறார் கடைக்காரர். நம்பலாமா?
– கோவை வாசகர்

பதில்: வரி ரகம் இருப்பது உண்மை. ‘பெங்கால் டைகர்’ ரகத்தில், நடு நரம்பிலிருந்து இலை ஓரம் வரை பச்சையும் மஞ்சளும் சீப்பால் வாரியதுபோல ஒழுங்காக ஓடும். எல்லா இலையிலும் அப்படியே இருக்கும். கோடுகள் அங்கங்கே அறுந்து, திட்டுத்திட்டாகி, போகப்போகப் பழுப்பேறி, இலை முறுக்கிக்கொண்டால் அது வைரஸ். அதற்கு மருந்து இல்லை. கிழங்கைப் பிரித்து நடும்போதெல்லாம் நோயும் உடன் போகும். வெட்டிய கத்தியும், சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சியும் அடுத்த செடிக்குக் கொண்டுபோகும். இப்படித்தான் ஒரே ஒரு கிழங்கால் என் வீட்டு வேலியோரத்து வரிசை முழுவதையும் தோண்டி எரிக்க நேர்ந்தது. அன்று விற்ற கடையில் கேட்கும் தெளிவு எனக்கு இல்லை. உங்களுக்கு இருக்கிறது. புதிதாக விரியும் இலைகளைப் படமெடுத்துக் காட்டி, மாற்றுச் செடி கேளுங்கள். அதுவரை அந்த இரண்டையும் மற்ற நான்கிலிருந்து தள்ளி வையுங்கள். வரி ரகம் வேண்டுமென்றால், ஒழுங்கான கோடுள்ள தாய்ச்செடியை நேரில் பார்த்தே பணம் கொடுங்கள்.

கேள்வி: மாடியில் பெரிய கல்வாழை வளருமா? ‘சிறப்பு உரம்’ என்று 600 ரூபாய்க்கு விற்கிறார்களே?
– மதுரை வாசகி

பதில்: வளரும். ஒன்றரை அடி அகலத்துக்குக் குறையாத தொட்டி, குறைந்தது ஆறு மணி நேர வெயில், காயவிடாத ஈரம் போதும். கிழங்கை இரண்டு மூன்று அங்குல ஆழத்தில், கண் மேலே பார்க்கும்படி நடுங்கள். அந்த உரம் வேண்டாம். நம் ஊர்களில் கொல்லைப்புறத்தில் பாத்திரம் கழுவிய தண்ணீர் வடியும் இடத்தில் சேம்போடு செழித்து நிற்கும் செடி அது. மக்கிய தொழுவுரம் மாதம் இரண்டு கைப்பிடி போடுங்கள். பூத்து முடிந்த தண்டை அடியோடு வெட்டினால் பக்கக் கன்று வேகமாக எழும். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கிழங்கைப் பிரித்து நடுங்கள். மாடிக் காற்றில் அகன்ற இலைகள் கிழியும் என்பதால் கைப்பிடிச் சுவரோரம் வையுங்கள்.