169.254 என்று ஐபி வருகிறதா? வாசகர் கேள்விகள்

கரண்ட் போய் வந்தால் பில்லிங் கம்ப்யூட்டரில் நெட் வருவதில்லை. ஐபி 169.254 என்று தொடங்குகிறது. வைரஸா? (கடைக்காரர், காரைக்குடி)

வைரஸ் இல்லை, பயப்படாதீர்கள். வழக்கமாக உங்கள் ரூட்டருக்குள் இருக்கும் டிஎச்சிபி சர்வர்தான் எல்லாக் கருவிக்கும் ஐபி, அதாவது நெட்வொர்க்கில் அதற்கான முகவரி எண், கொடுக்கிறது. கரண்ட் வந்ததும் கம்ப்யூட்டர் முந்திக்கொண்டு ஐபி கேட்கிறது, ரூட்டரோ இன்னும் கிளம்பி முடிக்கவில்லை, பதில் வராததால் விண்டோஸ் தானே 169.254.1.0 முதல் 169.254.254.255 வரைக்குள் ஒரு எண்ணைக் குத்துமதிப்பாக எடுத்து, அது வேறு யாரிடமாவது இருக்கிறதா என்று நெட்வொர்க்கில் விசாரித்துவிட்டு, யாரும் குரல் கொடுக்காவிட்டால் தனக்கென்று வைத்துக்கொள்கிறது. இப்படித் தானே எண் எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டைத்தான் ஏபிப்பா (APIPA) என்பார்கள். விண்டோஸ் 98-லிருந்தே உண்டு, 2005-இல் ஆர்எஃப்சி 3927 என்ற இணையத் தர ஆவணம் இதைப் பொது விதியாகவே எழுதி வைத்தது. இந்த முகவரிக்கு கேட்வே, அதாவது வெளியே போகும் வாசல், கிடையாது, ரூட்டரும் இதை வெளியே அனுப்பக் கூடாது, அதனால்தான் நெட் இல்லை. விண்டோஸ் 5 நிமிடத்துக்கு ஒருமுறை சர்வரை மறுபடி தேடும். அவசரம் என்றால் லேன் கேபிளைப் பிடுங்கிச் செருகுங்கள். ரூட்டரையும் நெட்வொர்க் ஸ்விட்சையும் (பல லேன் கேபிள்களை இணைக்கும் பெட்டி) இன்வெர்ட்டர் லைனில் போட்டுவிட்டால் இந்தத் தொல்லையே வராது.

எங்கள் பெரிய வீட்டைக் கல்யாணத்துக்கு விடுகிறோம். கூட்டம் சேர்ந்தால் மட்டும் ஆபீஸ் லேப்டாப்புக்கு இதே 169.254 வருகிறது. (கானாடுகாத்தான்)

இங்கே ரூட்டர் நன்றாகத்தான் இருக்கும், கொடுக்க எண்தான் மிச்சமிருக்காது. பல ரூட்டர்களில் நூறு எண் அளவுக்குத்தான் ஒதுக்கியிருப்பார்கள், அதிலும் ஒருமுறை கொடுத்த எண்ணை ஒரு நாள் வரை திரும்ப வாங்காது. காலையில் முகூர்த்தத்துக்கு வந்து வளவில் உட்கார்ந்து வைஃபை போட்டவர் சாப்பிட்டுவிட்டு ஊருக்கே போய்ச் சேர்ந்திருப்பார், அவர் போனுக்குக் கொடுத்த எண் மட்டும் இங்கே பிடிபட்டுக் கிடக்கும். ரூட்டர் செட்டிங்கில் லீஸ் டைமை (ஒரு எண்ணைக் கொடுத்து வைக்கும் நேரம்) ஒரு மணி நேரமாகக் குறையுங்கள், எண் வரிசையையும் (ஐபியின் கடைசிப் பகுதி) 2 முதல் 254 வரை நீட்டுங்கள். ஆபீஸ் லேப்டாப்புக்கும் பிரிண்டருக்கும் எண்ணை ரிசர்வ் செய்துவிடுங்கள். விருந்தினருக்குத் தனி நெட்வொர்க் கொடுத்தால் இன்னும் நல்லது, பாதுகாப்புக்காகவும் அதைத்தான் சொல்வேன்.

முகப்பிலிருந்து பின்கட்டுக்கு லேன் கேபிள் இழுத்தோம். அங்கே எப்போதும் 169.254தான். (தேவகோட்டை)

எப்போதும் என்றால் கேபிளைத்தான் சந்தேகப்பட வேண்டும். லேன் கேபிளுக்கு 100 மீட்டர்தான் கணக்கு. நம் வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிபவை, அதிலும் சுண்ணாம்புச் சுவரில் துளை போட மனசு வராமல் மாடி வழியாகச் சுற்றிக் கொண்டுவந்தால் நீளம் எகிறிவிடும். நடுவில் ஒரு ஸ்விட்ச் வையுங்கள். நீளம் சரியாக இருந்தால் இரண்டு முனை கிரிம்ப்பையும் (கேபிளில் பிளக்கை அழுத்திப் பொருத்திய இடம்) டெஸ்டர் வைத்துப் பாருங்கள்.

ரூட்டரே இல்லாமல் இரண்டு லேப்டாப்பைக் கேபிளில் இணைத்து ஃபைல் மாற்ற முடியுமா? (கல்லூரி மாணவர், காரைக்குடி)

தாராளமாக. இந்த ஏற்பாடு இருப்பதே அதற்குத்தான். இரண்டிலும் ஐபியை ஆட்டோமேட்டிக்கில் விட்டுச் சற்றுப் பொறுங்கள், இரண்டும் 169.254 எடுத்துக்கொள்ளும், ஷேர் செய்த ஃபோல்டர் திறக்கும். திறக்காவிட்டால் முதலில் ஃபயர்வாலைப் பாருங்கள்.