எழுத்துப்பிழை, இலக்கணப்பிழை திருத்தும் மென்பொருளைப் பயன்படுத்தினால் நம் எழுத்து மேம்படுமா?

அலுவலக மின்னஞ்சல் ஆங்கிலத்தில், வசிப்போர் குழுவுக்கும் சொந்தக்காரர்களுக்கும் எழுதுவது தமிழில், இரண்டிலும் பிழை வருகிறது. மென்பொருளை வைத்துக்கொண்டால் எழுத்து தேறுமா, இல்லை இருக்கிற கொஞ்ச நஞ்சமும் மறந்துபோகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உயர்நிலை 1 படிக்கும் மகனுக்கும் இதைக் கொடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

தேறும். ஆனால் முதலில் ஒன்று செய்யுங்கள். தானாகவே சொல்லை மாற்றிவிடும் வசதியை அணைத்துவிடுங்கள். சிவப்புக் கோடு, நீலக் கோடு எல்லாம் வரட்டும், மாற்றுவது மட்டும் உங்கள் கையாக இருக்கட்டும். நான் சிங்கப்பூர் ஜூரோங்கில் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் நாள் முழுக்க மின்னஞ்சல் எழுதுகிறேன். மாலையில் சமூக மன்றத்துத் தமிழ் நிகழ்ச்சிகளுக்கு அறிவிப்பு எழுதித் தருகிறேன். இரண்டு மொழியிலும் எனக்குப் பெரிய பலன் தந்தது இந்த ஒரு மாற்றம்தான்.

காரணம் எளிது. மென்பொருள் சத்தமில்லாமல் திருத்திவிட்டால், பிழை விட்டதே நமக்குத் தெரியாது. நாளைக்கும் அதே பிழை வரும். கோடு போட்டுக் காட்டினால் நின்று பார்க்கிறோம், கையால் திருத்துகிறோம், அது மனத்தில் தங்குகிறது. இன்னொரு ஆபத்தும் உண்டு. முன்பு சில ஆங்கிலத் திருத்திகளின் அகராதியில் 'கோ-ஆப்பரேஷன்' என்ற சொல் நடுவில் கோடு போட்ட வடிவில் மட்டுமே இருந்தது. கோடில்லாமல் அடித்தால், கலிஃபோர்னியாவில் உள்ள 'கூப்பர்டினோ' என்ற ஊர்ப் பெயரைப் பரிந்துரைக்கும். அதை யாரும் கவனிக்காமல் ஏற்றுக்கொண்டதால், ஐ.நா., ஐரோப்பிய ஒன்றிய ஆவணங்களில்கூட 'ஒத்துழைப்பு' வரவேண்டிய இடத்தில் அந்த ஊர்ப் பெயர் அச்சேறியிருக்கிறது. அத்தனை பேர் படித்துச் சரிபார்க்கும் ஆவணத்துக்கே இந்த நிலை என்றால், போனில் அவசரமாக நாம் அனுப்பும் செய்தியில் நம்மவர்களின் பெயர்கள் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆங்கிலத்தைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அதற்குக் கருவிகள் நன்றாகவே இருக்கின்றன. வேர்டில் மொழியை 'ஆங்கிலம் (சிங்கப்பூர்)' என்று மாற்றிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அமெரிக்க ஸ்பெல்லிங்கை வைத்துக்கொண்டு, இங்கே பள்ளியில் சொல்லித்தரும் பிரிட்டிஷ் ஸ்பெல்லிங்கையெல்லாம் பிழை என்று காட்டும். தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு வழக்கமாக இடறும் இடங்கள் சில உண்டு: 'ஏ', 'தி' விட்டுப்போவது, 'டிஸ்கஸ் அபவுட்', 'ரிட்டர்ன் பேக்' என்று தேவையில்லாமல் ஒரு சொல்லைச் சேர்ப்பது. இவற்றை கிராமர்லி, லாங்வேஜ்டூல் போன்றவை பெரும்பாலும் பிடித்துவிடும். நடையை மாற்றச் சொல்லும் பரிந்துரைகளை நான் பெரும்பாலும் தள்ளிவிடுவேன். எல்லாவற்றையும் ஏற்றால் எல்லார் மின்னஞ்சலும் ஒரே ஆள் எழுதியதுபோல் ஆகிவிடும். ஒன்றை மட்டும் எந்தக் கருவியும் பார்த்துச் சொல்லாது. 'நாட்' என்ற சொல் விட்டுப்போனால் வாக்கியம் இலக்கணப்படி சுத்தமாகத்தான் இருக்கும், பொருள் தலைகீழாகியிருக்கும். அனுப்பும் முன் ஒருமுறை வாய்விட்டுப் படிப்பதை விட்டுவிடாதீர்கள்.

சரி, தமிழுக்கு வருவோம். எனக்கு அக்கறை அதிகம் இங்கேதான்.

தமிழ்ச் சொல்லுக்குத் திருத்தி செய்வது லேசான காரியம் இல்லை. 'வீடு' என்ற ஒரு சொல் வீட்டை, வீட்டுக்கு, வீட்டிலிருந்து, வீட்டிலிருந்தும்கூட என்று வளர்ந்துகொண்டே போகும். இத்தனை வடிவங்களையும் அகராதியில் அடுக்கி முடியாது. வேர்ச்சொல்லையும் விகுதிகளையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த மென்பொருள் வேண்டும். லிப்ரேஆபிஸிலும் ஃபயர்பாக்ஸிலும் இருக்கும் ஹன்ஸ்பெல் என்ற எழுத்துப்பிழை திருத்தி, இதேபோல் விகுதி மேல் விகுதி ஒட்டும் ஹங்கேரிய மொழிக்காக முதலில் எழுதப்பட்டது. அதனால் தமிழுக்கும் ஓரளவு ஒத்துவருகிறது. தமிழுக்கென்றே செய்தவற்றில் நான் அதிகம் திறப்பது நீச்சல்காரன் உருவாக்கிய வாணியும் நாவியும்: வாணி எழுத்துப்பிழைக்கு, நாவி சந்திப்பிழைக்கு, அதாவது இரு சொற்கள் சேருமிடத்தில் ஒற்றுப் போடுவதில் வரும் பிழைக்கு. பேராசிரியர் ந. தெய்வசுந்தரம் முன்னின்று உருவாக்கிய மென்தமிழ் சொல்லாளரும் இருக்கிறது. எல்லாம் தனிமனிதர்களும் சிறு குழுக்களும் பாடுபட்டுச் செய்தவை. பயன்படுத்துகிறவர்கள் பிழைகளை எழுதி அனுப்பினால் அவர்களுக்கு அது பெரிய உதவி.

இவற்றால் என்ன முடியும், என்ன முடியாது என்பதற்கு ஓர் அறிவிப்பு வாக்கியத்தைப் பாருங்கள். 'ஈசூன் சமூக மன்றத்தில் இரண்டாம் மாடி அரை எண் 3இல் நடக்கும் பொங்கள் விழாவில் அனைவறும் குடும்பத்துடன் கலந்துக் கொள்ளவும்.' இதுபோல் எத்தனையோ அறிவிப்புகள் நம் புளோக் மின்தூக்கிப் பக்கம் ஒட்டியிருக்கும். எழுத்துப்பிழை பார்க்கும் மென்பொருள் 'பொங்கள்', 'அனைவறும்' இரண்டையும் பிடிக்கும். சந்தி பார்ப்பது 'கலந்துக் கொள்ளவும்' என்பதில் கை வைக்கும். ஆனால் சரியாக எழுதிய 'ஈசூன்' மீதும் கோடு விழலாம், 'அறை' வரவேண்டிய இடத்தில் தவறாக விழுந்த 'அரை' கோடில்லாமல் தப்பித்துவிடலாம். 'அரை' என்பதும் அகராதியில் உள்ள நல்ல சொல்தானே! மழை-மலை, வழி-வலி, பணி-பனி, பள்ளி-பல்லி எல்லாம் இதே ரகம். இந்த வகைப் பிழையை நம் கண்தான் பிடிக்க வேண்டும். எனவே கோடு இல்லாத இடத்தில் ல-ள-ழ, ர-ற, ன-ண எழுத்துகளை மட்டும் தேடி ஒருமுறை படியுங்கள்.

இந்தப் பிழைகளில் பாதி நமக்குத் தெரியாததால் வருவதில்லை, விசைப்பலகையால் வருகிறது. ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழ் வரவைக்கும் அஞ்சல் முறையில் எழுதுகிறவர்களுக்கு ல, ர, ன சாதாரணமாக விழும். ள, ற, ண வேண்டுமென்றால் ஷிஃப்டைச் சேர்த்து அழுத்த வேண்டும். ஒரு பிழை கோடிட்டு வந்தால், இது விரல் செய்ததா, எனக்கே தெரியாததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். விரல் செய்ததென்றால் திருத்திவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். தெரியாததென்றால் போனில் ஒரு குறிப்பு திறந்து எழுதி வையுங்கள். அந்தப் பட்டியல் நீங்கள் பயப்படுகிற அளவுக்கு நீளாது, நாம் எல்லாரும் ஒரே சில பிழைகளைத்தான் திரும்பத் திரும்ப விடுகிறோம்.

சந்திக்கும் அப்படித்தான். 'அந்தப் பையன்', 'கடைக்குப் போனேன்', 'பிள்ளையைப் பார்த்தேன்' இந்த மூன்று இடங்களில் ஒற்றுப் போடப் பழகினாலே அன்றாட எழுத்தில் பெரும்பகுதி சரியாகிவிடும். 'கலந்துக் கொள்ள' தவறு என்று நாவி காட்டியதைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாமல் காரணத்தையும் பாருங்கள். கேட்டு, பார்த்து, படித்து, விற்று என்று கடைசி எழுத்துக்கு முன்னால் வல்லின ஒற்று இருந்தால் மிகும்: கேட்டுக் கொண்டார், படித்துப் பார்த்தார். வந்து, கலந்து, கண்டு, நின்று என்று மெல்லின ஒற்று இருந்தால் மிகாது: வந்து போனார், கலந்து கொண்டார். இது பிடிபட்டுவிட்டால் அந்த ஓர் இடத்துக்கு மென்பொருளே தேவைப்படாது.

இங்குள்ளவர்கள் கட்டாயம் செய்ய வேண்டியது ஒன்று. தெம்பனிஸ், தோ பாயோ, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்), மசேநி (மத்திய சேமநிதி), உணவங்காடி நிலையம் போன்ற நம் ஊர்ச் சொற்களை உங்கள் அகராதியில் சேர்த்துவிடுங்கள். எப்படி எழுதுவது என்று சந்தேகம் வந்தால் தமிழ் முரசு நாளிதழில் எப்படிப் போடுகிறார்கள் என்று பார்க்கலாம். தமிழ்நாட்டில் இருந்து வரும் மென்பொருளுக்கு இவை தெரியாததில் வியப்பில்லை. ஆனால் அது கோடு போடுகிறதே என்று நாம் வேறு மாதிரி எழுத ஆரம்பித்தால் நஷ்டம் நமக்குத்தான். சாட்ஜிபிடி போன்றவற்றிடம் கொடுத்தால் இந்தத் தொல்லை இன்னும் கூடும். பிழை திருத்தச் சொன்னால் பத்தியையே மாற்றி எழுதிவிடும், சில சமயம் இல்லாத சந்தி விதியையும் உறுதியாகச் சொல்லும். 'என் வாக்கியத்தை மாற்றாதே, பிழையை மட்டும் காரணத்தோடு சொல்' என்று கேளுங்கள், அப்புறம் அந்தக் காரணத்தையும் சரிபாருங்கள்.

அலுவலக விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. இணையத்தில் இயங்கும் திருத்திகள் பலவற்றில் நீங்கள் எழுதுவது வேறொரு கணினிக்குப் போய்த்தான் திரும்புகிறது. வாடிக்கையாளரின் பெயர், அடையாள அட்டை எண், முகவரி இருக்கும் கடிதத்தை அதில் ஒட்டாதீர்கள். 2012ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இங்கே இருக்கிறது. நிறுவனம் அனுமதித்த கருவி எது என்று கேட்டுக்கொண்டு பயன்படுத்துங்கள்.

மகனுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம், ஆனால் இரண்டாவது சுற்றில். கட்டுரையை முதலில் தாளில் எழுதட்டும், தேர்வில் சிவப்புக் கோடு வராது. பிறகு அதை அவனே தட்டச்சு செய்து வாணியில் போட்டுப் பார்க்கட்டும். கோடு விழுந்த சொற்களில் எதை ஏற்கிறான், எதைத் தள்ளுகிறான், ஏன் என்று நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அவன் தெம்பனிஸைத் தள்ளாமல் வைத்துக்கொண்டு 'அனைவறும்' என்பதைத் திருத்தினால் போதும், அடுத்த கட்டுரையைத் தனியாகவே பார்க்க விட்டுவிடலாம்.