ராஜா பக்கம் நின்னவங்க (கடிதம்)

வணக்கம் சார்,
அமெரிக்கப் புரட்சி பத்தி நீங்க எழுதினதைப் படிச்சேன். ஒரே ஒரு டவுட். அந்த மண்ணுல வாழ்ந்துட்டே இங்கிலாந்து ராஜாவுக்குக் கொடி பிடிச்சவங்க ஏகப்பட்ட பேர் இருந்திருக்காங்களே, ஏன் சார்? காசுக்கும் பதவிக்கும்தானே? எட்டப்பன் வேலைதானே இது?
ஒரு வாசகர், கோவை

வணக்கம்ங்க,

காசு, பதவிக்காக நின்னவங்களும் உண்டு. கவர்னர், சுங்க அதிகாரி, லண்டனோட கொடுக்கல் வாங்கல் வச்சிருந்த வியாபாரி, ராஜா பேர்ல சத்தியம் பண்ணின ஆங்கிலிகன் பாதிரியார், இவங்க கணக்கு சட்டுனு புரிஞ்சிடும். ஆனா அங்க இருந்த வெள்ளைக்காரங்கள்லயே அஞ்சுல ஒரு பங்கு வரைக்கும் ராஜா பக்கம் இருந்திருக்கலாம்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க, அத்தனை பேருக்கும் பதவி குடுக்க ஜார்ஜ் ராஜா எங்க போவாரு?

எனக்கு என்ன தோணுதுன்னா, இவங்கள்ல நிறைய பேர் ராஜாவைப் பார்த்து முடிவெடுக்கல, பக்கத்துல யாரு நம்ம கழுத்தைப் பிடிச்சிருக்கான்னு பார்த்துதான் எடுத்தாங்க. நியூயார்க்ல ஹட்சன் ஆத்துப் பக்கம் லிவிங்ஸ்டன்னு ஒரு பெரிய ஜமீன் குடும்பம், அவங்க புரட்சிப் பக்கம். அவங்க நிலத்துல குத்தகைக்கு உழுதவங்களோ ராஜா ஜெயிச்சா நிலம் நமக்கு வரும்னு நம்பி 1777-ல கிளம்பிட்டாங்க. அதுவே ஜமீன்தார் ராஜா பக்கம்னா குத்தகைக்காரன் புரட்சிப் பக்கம் சாஞ்ச இடமும் உண்டு. பாஸ்டன் பாதிரியார் மாதர் பைல்ஸ் கேட்டதா ஒண்ணு சொல்வாங்க, மூவாயிரம் மைல் தள்ளி இருக்கிற ஒரு கொடுங்கோலன் தேவலையா, ஒரு மைல் தள்ளி இருக்கிற மூவாயிரம் கொடுங்கோலனுங்க தேவலையான்னு. குசும்புதான், ஆனா விஷயம் அதுல இருக்கு.

தாமஸ் பிரவுனை எடுத்துக்குங்க. இங்கிலாந்துலேருந்து ஜார்ஜியாவுக்குப் புதுசா வந்து பண்ணை போட்டவரு. 1775 ஆகஸ்ட்ல புரட்சிக்காரங்க கும்பல் ஒண்ணு வீட்டுக்கு வந்து பிரிட்டிஷ் சரக்கைப் புறக்கணிக்கிற எங்க ஒப்பந்தத்துல சேருன்னு மிரட்டுது, இவரு முடியாதுன்னுட்டாரு, உடனே துப்பாக்கிக் கட்டையால மண்டையைப் பொளந்து, மரத்துல கட்டி, கால்ல தார் ஊத்தி நெருப்பு வச்சாங்க, ரெண்டு கால்விரல் போச்சு. அப்புறம் அவரே ராஜாவுக்காக ஒரு படை திரட்டி அந்த ஏரியாவையே கதிகலங்க வச்சாரு. இதை எந்தக் கணக்குல சேர்ப்பீங்க?

இன்னும் விசித்திரம் ஃப்ளோரா மெக்டொனால்ட். ஸ்காட்லாந்துல 1746-ல பிரிட்டிஷ் ராஜா படைகிட்டேருந்து, அந்தப் பட்டத்துக்கு உரிமை கேட்டுக் கலகம் பண்ணின இளவரசர் சார்லஸை வேலைக்காரி வேஷம் போட்டுத் தப்பிக்க வச்ச அதே அம்மாதான். பின்னாடி குடும்பத்தோட வடக்கு கரோலினாவுல குடியேறினாங்க. 1776-ல அவங்க புருஷன் ஆலன் ராஜாவுக்காகப் போய் மூர்ஸ் கிரீக் பாலத்துச் சண்டைக்கப்புறம் கைதாகிட்டாரு. எந்த வம்சத்தை எதிர்த்தவரைக் காப்பாத்தினாங்களோ அதே வம்சத்துக்காக! ஆனா கலகம் தோத்தா ஊர் என்ன கதியாகும்னு, சார்லஸ் படை தோத்த கலோடன் சண்டையில பார்த்த தலைமுறைங்க அது, இன்னொரு கலகத்துல காலை வைக்க யோசிக்கத்தானே செய்வாங்க.

அமெரிக்கப் பூர்வகுடிகளான மோஹாக் மக்கள் பக்கம் வந்தா, அவங்க தலைவர் ஜோசப் பிராண்ட் போட்ட கணக்கு நிலக் கணக்கு. அப்பலாச்சியன் மலைத்தொடருக்கு மேற்கே குடியேறாதேன்னு 1763-ல ராஜா கோடு போட்டாரு, அதைத் தாண்டத் துடிச்சவங்க குடியேறிகள். அவரு யாரு பக்கம் போவாரு சொல்லுங்க.

கறுப்பின அடிமைகளுக்கு இது இன்னும் நேரடி. புரட்சிக்காரங்களோட அடிமைங்க எங்க பக்கம் வந்து சண்டை போட்டா விடுதலைன்னு 1775 நவம்பர்ல வர்ஜீனியா கவர்னர் டன்மோர் அறிவிச்சாரு. கருணையெல்லாம் இல்ல, அவரே அடிமை வச்சிருந்தவருதான், ராஜா விசுவாசிகளோட அடிமைகளுக்கு அந்தச் சலுகையும் கிடையாது. ஆனாலும் ஆயிரக்கணக்கானவங்க ஓடி வந்தாங்க. அதுல ஒருத்தர் ஹாரி வாஷிங்டன், ஜார்ஜ் வாஷிங்டனோட பண்ணையிலேருந்தே தப்பிச்சவரு! 1783-ல ஓடிப்போன அடிமைகளைத் திருப்பிக் குடுன்னு வாஷிங்டன் நேர்லயே கேட்டாரு, பிரிட்டிஷ் தளபதி கார்ல்டன் மாட்டேன்னுட்டாரு, கிட்டத்தட்ட 3,000 பேர் பேரைப் பதிஞ்சு கப்பல் ஏத்தி அனுப்பினாங்க. ஹாரி கனடாவுல நோவா ஸ்கோஷியா போனாரு, அங்க வாக்கு குடுத்த நிலம் ஒழுங்கா கிடைக்காம நொந்தவங்க ஏராளம், 1792-ல அப்படி ஒரு கூட்டம் ஆப்பிரிக்காவுல இருக்கிற சியரா லியோனுக்குக் கிளம்பினப்போ அவரும் போனாரு. அங்க ஆட்சி பண்ணின பிரிட்டிஷ் கம்பெனி நிலத்துக்கு வரி கேட்டுச்சு. 1800-ல அந்த வரியை எதிர்த்துக் கலகம் பண்ணினதுக்காக அவரை விசாரிச்சு நாடு கடத்திட்டாங்க.